கிணற்றில் உப்பு, உடம்பில் கொதிப்பு

கேள்வி: ''ஐயா, எங்களுக்கு ஆம்பூரை அடுத்து பாலாற்றங்கரையில் இரண்டரை ஏக்கர் நிலம். கிணற்றுத் தண்ணீர் பரிசோதனை அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன். தென்னையில் குரும்பை கொட்டுகிறது, ஓலை நுனி காய்கிறது. என்ன செய்யலாம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். போன ஐப்பசியில் என் மாமனாருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வயது 58தான். மாமியாருக்கும் கொதிப்பு என்கிறார்கள். பயிரைக் கெடுக்கிற இந்தத் தண்ணீர் மனுஷரையும் கெடுக்குமா? விவசாயப் பத்திரிகையில் இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை.''

கேட்கலாம், சகோதரி. இன்னும் சொன்னால், இருபத்தைந்து வருஷமாக இந்தப் பகுதியில் தண்ணீர் அறிக்கைகளைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் எனக்கு, இந்தக் கேள்வியை இத்தனை தாமதமாக ஒருவர் கேட்கிறாரே என்றுதான் தோன்றியது. நான் மருத்துவன் இல்லை, வேளாண்மை படித்தவன். ஆனால் நீங்கள் அனுப்பிய அறிக்கையை எனக்கு வாசிக்கத் தெரியும். உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி அந்தத் தாளிலேயே இருக்கிறது.

முதலில் தென்னை. ஈ.சி. 3.1, சோடியம் லிட்டருக்கு 20 மில்லி ஈக்விவலெண்ட், சோடிய ஈர்ப்பு விகிதம் 9-ஐ ஒட்டி. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம்தான். குரும்பை கொட்டுவதற்குப் போரான் பற்றாக்குறையும் காரணமாக இருக்கலாம். மண் மாதிரியும் எடுத்து அனுப்புங்கள். ஜிப்சம் எத்தனை மூட்டை என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்குள் தோப்பில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். வட்டப்பாத்தியில் தேங்காய் மட்டையைப் புதையுங்கள்.

இனி மனுஷர் விஷயம்.

அறிக்கையில் சோடியம் என்ற வரியை எடுங்கள். 20 என்று இருக்கிறது. அதை 23-ஆல் பெருக்கினால் ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் சோடியம் என்று வந்துவிடும்: 460. சித்திரை வெயிலில் களை எடுப்பவர் வயலிலேயே நாலு லிட்டர் குடிப்பார். 1,840 மில்லிகிராம். ஒருவர் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சமையல் உப்பாகச் சொன்னால் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. குழம்பு, ரசம், ஊறுகாய், கருவாடு எதுவும் வாயில் படுவதற்கு முன்பே, வெறும் தண்ணீரிலேயே உங்கள் மாமனார் ஏறக்குறைய அந்த அளவைத் தொட்டுவிடுகிறார். நம் நாட்டில் சராசரி மனிதர் உணவில் மட்டும் நாளைக்குச் சுமார் 8 கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்பது தனிக் கணக்கு. நல்ல தண்ணீர் உள்ள ஊரில் இதே வரியில் 2 என்று இருக்கும். அங்கே நாலு லிட்டர் குடித்தாலும் 184 மில்லிகிராம்தான்.

'வேர்வையில் உப்பு போய்விடுகிறதே' என்று கூட்டங்களில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போகிறதுதான். ஆனால் வெயிலில் உழைத்துப் பழகிய உடம்பு வேர்வையில் உப்பைச் சிக்கனமாகத்தான் விடும். வெயில் இல்லாத மார்கழியிலும், வயலுக்கே போகாத பாட்டிக்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தானே?

உப்புக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொட்டுநீர் போட்டவர்களுக்கு விளக்குவது சுலபம். இதயம் மோட்டார். நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. மூளை, உடம்பு எடையில் நூறில் இரண்டு பங்குதான். ஆனால் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் அதற்கு மட்டும் வேண்டும். உடம்புக்குள் போகும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. கல்லீரலும் தசையும் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொள்ளும். மூளைக்குக் களஞ்சியம் கிடையாது. மோட்டார் நின்ற கணத்திலிருந்து வாடத் தொடங்கும் நாற்றங்கால் அது.

சோடியம் உடம்பில் கூடினால் அதோடு தண்ணீரும் தங்கும். குழாயில் ஓடும் அளவு கூடும், அழுத்தம் ஏறும். ஒரு கிலோ அழுத்தத்துக்குச் செய்த பக்கக் குழாயில் வருஷக்கணக்கில் இரண்டு கிலோ அழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு நாள் பிளக்கும். அல்லது உள்சுவர் புண்பட்டு, அதில் கொழுப்பு படிந்து அடைக்கும். மூளையில் குழாய் வெடித்தாலும் பக்கவாதம், அடைத்தாலும் பக்கவாதம். இரண்டில் அடைப்புதான் அதிகம்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் பலரும் நோய் என்றே நினைப்பதில்லை. பெரிய குழாய்கள் எல்லாம் சரியாக இருக்கும். மூளையின் ஆழத்தில், கடைமடையில், முடிபோன்ற சிறு குழாய்கள் ஒவ்வொன்றாகத் தடித்து அடைந்துகொண்டே வரும். கை கால் விழாது. பெரியவர் மெல்ல நடப்பார், சந்தையில் மீதிச் சில்லறை எண்ணத் தடுமாறுவார், எரிந்து விழுவார், பம்ப்செட் போட்டுவிட்டு அணைக்க மறப்பார். 'வயசாகிப்போச்சு' என்று விட்டுவிடுவோம். கடைமடை வயல் காய்ந்தால் 'மண் சரியில்லை' என்று சொல்வதுபோலத்தான் இதுவும். வாய்க்காலை யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

என் அப்பாவும் பாலாற்றுத் தண்ணீரில் பயிர் வைத்தவர். 1999-ல் ஒரு காலை மடை திருப்பப் போனவர், மண்வெட்டி கையிலிருந்து நழுவி விழ, அப்படியே நின்றுவிட்டார். பேச்சு குழறியது. அரை மணியில் சரியாகிவிட்டது. 'சூடு' என்றார்கள். மோர் கொடுத்தோம். வேளாண்மைப் பட்டம் வாங்கிய நானும் கூட இருந்து தலையாட்டினேன். பன்னிரண்டாம் நாள் விடியற்காலை முழுதாக விழுந்தார். அதன்பின் ஆறு வருஷம் இருந்தார். எந்த வயலுக்கு எது பெயர் என்பது கடைசிவரை அவருக்குத் திரும்பி வரவில்லை. அந்த முதல் அரை மணிதான் எச்சரிக்கை மணி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். இந்தக் கிணறுதான் உங்கள் மாமனாரை வீழ்த்தியது என்று நானோ வேறு யாரோ அடித்துச் சொல்ல முடியாது. அவர் பீடி குடிப்பாரா, சர்க்கரை உண்டா, இதயத் துடிப்பு தாளம் தப்புகிறதா என்பது கடிதத்தில் இல்லை. மோட்டார் விட்டு விட்டு ஓடினால் இதயத்துக்குள்ளேயே ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போவதும் உண்டு. ஆனால் உப்புத் தண்ணீர் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும், ரத்த அழுத்தம்தான் பக்கவாதத்துக்கு முதல் காரணம், இந்த இரண்டையும் தயங்காமல் சொல்லலாம். வங்கதேசத்தில் கடல் உப்பு ஏறிய கடலோரக் கிராமங்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். உப்புத் தண்ணீர் குடிக்கும் கர்ப்பிணிகளிடம் ரத்தக்கொதிப்பு அதிகமாக இருந்தது. அங்கேயே நடந்த இன்னொரு ஆய்வில், தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கூடுதலாக இருந்த இடங்களில் அழுத்தம் சற்றுக் குறைவாகவும் காணப்பட்டது. மண்ணிலும் அப்படித்தானே, சோடியத்தைக் கால்சியத்தோடு சேர்த்துத்தானே பார்க்கிறோம்! அதனால் நாக்கில் கரிக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். அறிக்கையில் சோடியம் வரியைப் பாருங்கள்.

இந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பது வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை எல்லோருக்கும் தெரியும். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்பைக் கொட்டித்தான் டேனரிக்கு வருகிறது. அங்கே ஊறவைத்துக் கழுவினால் அத்தனையும் தண்ணீரோடு வெளியேறும். சுத்திகரிப்பு நிலையத்தில் அழுகும் கழிவை நுண்ணுயிர் தின்று தீர்க்கும், குரோமியத்தையும் வீழ்படிவாக்கிப் பிடிக்கலாம். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்னாது. நிலத்தடி நீரில் சேர்ந்தால் சேர்ந்ததுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே, சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்ற வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு இடம்பெற்றிருக்கிறது. அதன் பிறகு அமைந்த ஆணையம் 29,193 குடும்பங்களுக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உச்ச நீதிமன்றம் பாலாறு மாசு பற்றித் தீர்ப்பளித்து, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொல்லியிருக்கிறது. ஏக்கருக்கு இவ்வளவு என்று இழப்பைக் கணக்குப் போட்டுவிட்டோம். அந்தக் கிணற்றில் குடித்தவர்களின் ரத்த அழுத்தத்தை யார் எந்தக் கணக்கில் எழுதுவது? நான் அரசு ஊழியன், இதற்குமேல் எழுதினால் தலையங்கம் ஆகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர் உங்கள் ஊருக்கு வருகிறதென்றால், குடிக்க மட்டுமல்ல, உலை வைக்கவும் அதையே எடுங்கள். பல வீடுகளில் கேன் தண்ணீரைக் குடிக்க வைத்துக்கொண்டு, சோற்றுக்கும் கஞ்சிக்கும் கிணற்று நீரையே ஊற்றுகிறார்கள். சோறு அந்த உப்பை உறிஞ்சிக்கொள்ளும். வயலுக்குப் போகும்போது வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுபோங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் ஆவியாகி உப்பு இன்னும் கூடும். துணி வடிகட்டி, மண்பானை, முருங்கை விதை, தேற்றான்கொட்டை எதற்கும் உப்பு மசியாது. ஆர்.ஓ. இயந்திரம் உப்பை எடுக்கும். 'கடின நீரை மென்மையாக்கும் கருவி' என்று விற்பதை மட்டும் குடிநீருக்கு வாங்காதீர்கள். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் திருப்பித் தருவது. ஓட்டு வீடோ மாடி வீடோ, ஐப்பசி கார்த்திகை மழையை முதல் மழை கழித்துச் சுத்தமான தொட்டியில் பிடித்து, மூடி வைத்துக் காய்ச்சிக் குடித்தால் அதற்கு இணை இல்லை.

அடுத்தது அழுத்தத்தை அளப்பது. கொதிப்பு இருந்தால் தலை சுற்றும், தெரிந்துவிடும் என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். பெரும்பாலோருக்கு எதுவுமே தெரியாது. எனக்கே 51 வயதில் உழவர் கருத்தரங்கில், பக்கத்து மருத்துவ முகாமில் கூட்டம் இல்லையென்று சும்மா கையை நீட்டியபோதுதான் 164 என்று வந்தது. நாங்கள் வைத்திருந்த விதைக் கடையில் அன்று நல்ல கூட்டம். 140-க்கு 90 என்ற அளவைத் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் தினமும் போடுங்கள். 'இப்போது சரியாகிவிட்டது' என்று நிறுத்துவது, வரப்பை உயர்த்தியதால் தண்ணீர் நின்றதைப் பார்த்து, 'தண்ணீர் நின்றுவிட்டதே' என்று வரப்பை வெட்டுவதற்குச் சமம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. 2021-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் அதைத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வரும் அந்தப் பெண் தன்னார்வலரைத் திருப்பி அனுப்பாதீர்கள், உங்கள் மாமியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இது பக்கவாதத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். சீனத்தில் 326 கிராமங்களில், ஏறக்குறைய 34,000 பேரிடம், பயிற்சி பெற்ற கிராம வைத்தியர்களை வைத்தே நாலு வருஷம் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். 2025-ல் வெளியான முடிவு: வழக்கமான கவனிப்பில் இருந்த கிராமங்களைவிட மறதி நோய் 15 சதவீதம் குறைவு. பெரிய ஆஸ்பத்திரி, ஸ்கேன் எதுவும் இல்லை. கருவியும் மாத்திரையும், மாதாமாதம் தவறாமல் பார்க்கும் ஆளும்தான். மேலே சொன்ன கடைமடைக்கு அப்படித்தான் தண்ணீர் போகும்.

காற்றையும் விட்டுவிட முடியாது. தோல் துண்டையும் ரப்பர் அடிப்பாகத்தையும் சாலையோரம் குவித்துக் கொளுத்துவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிலர் அடுப்புக்கே கொண்டுபோகிறார்கள், மலிவான விறகு என்று. அந்தப் புகையின் நுண்துகள் நுரையீரலைத் தாண்டி ரத்தத்தில் கலந்து, உப்பு தாக்கும் அதே குழாய்ச் சுவர்களைத் தாக்குகிறது. மறதி நோய்க்கான, தடுக்கக்கூடிய காரணங்கள் என்று லான்செட் மருத்துவக் குழு 2024-ல் பட்டியலிட்ட 14-ல் ரத்தக்கொதிப்போடு காற்று மாசும் உண்டு. விறகடுப்பு எரிகிற வீட்டில் சமையலறைக்குப் புகைபோக்கி வையுங்கள். பீடியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இன்னொரு எச்சரிக்கை, வயலில் வேலையில்லாத மாதங்களில் தோல் கம்பெனிக்குப் போகும் பிள்ளைகளுக்கு. தோலில் மயிர் நீக்கச் சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். ரத்தம் சரியாக ஓடினாலும், அதிலுள்ள ஆக்சிஜனை மூளை பயன்படுத்த முடியாமல் செய்துவிடும் விஷம் அது. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இந்தப் பகுதியில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே இறந்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளே மயங்கினால், நீங்கள் இறங்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, வாதம் வரும் நேரம். முகம் ஒருபக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று சரிகிறதா, பேச்சு குழறுகிறதா, இதில் ஒன்று திடீரென்று வந்தாலும் போதும், 108. வந்த நேரத்தை மணி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்து வெடிப்பா அடைப்பா என்று பார்த்தாக வேண்டும். அடைப்பு பெரிதாக இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. ஆகவே ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். வாயில் காபி, தண்ணீர், மாத்திரை எதுவும் வேண்டாம், புரையேறும். புறா ரத்தம் தேடி ஓடவும் வேண்டாம். இந்தியாவிலேயே முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை மருத்துவர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில். வங்காளத்திலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். நாம் ஒரு மணி தூரத்தில் இருந்துகொண்டு, 'விடியட்டும், பார்க்கலாம்' என்கிறோம்.

உங்கள் மாமனாருக்குக் கை கால் பயிற்சியை நிறுத்தாதீர்கள், சகோதரி. முதல் ஆறு மாதத்தில்தான் முன்னேற்றம் அதிகம், அதன் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். இடது கையால் முடிந்த வேலையைத் தோட்டத்தில் கொடுங்கள். மாத்திரை, உப்பு இரண்டையும் இனி நீங்கள்தான் கணக்குப் பார்க்க வேண்டும். வைகாசியில் கிணறு அடியில் இருக்கும்போது ஒரு லிட்டரும், மழை முடிந்து தை மாதத்தில் ஒரு லிட்டரும் சுத்தமான பாட்டிலில் எடுத்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு பிடித்த தண்ணீராக இருக்கட்டும். இரண்டு அறிக்கையையும் எனக்கு அனுப்புங்கள், தோப்பிலிருந்து எடுத்த மண் மாதிரியின் முடிவோடு. ஜிப்சம் கணக்கை அப்போது போடுவோம்.